மெனோபாஸ் ஹார்மோன் மருந்தை மாற்றலாமா? படிப்படியாக முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

மெனோபாஸுக்கு ஹார்மோன் மருந்து எடுக்கத் தொடங்கும் பெண்களில் பலர் சில மாதங்களிலேயே "இது எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் மருந்தின் ஒரு பாதிதான். கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு எழுதித்தரும் சீட்டில் இரண்டு ஹார்மோன் இருக்கும். ஒன்று ஈஸ்ட்ரோஜன். திடீரென உடம்பு கொதிப்பது (சூட்டலை), வியர்த்துக் கொட்டுவது, எலும்பு தேய்வது ஆகியவற்றுக்கு வேலை செய்வது அதுதான். இன்னொன்று புரோஜெஸ்டோஜன் வகை. ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, காலப்போக்கில் புற்றுநோய் வரை போகலாம். அதைத் தடுக்கத்தான் இந்த இரண்டாவது மருந்து. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, தொந்தரவு எந்தப் பாதியிலிருந்து வருகிறது என்பது. அது தெரிந்தபின்தான் மருந்தை மாற்றுவதா, அளவை மாற்றுவதா, உடம்புக்குள் போகும் வழியை மாற்றுவதா என்று பேச முடியும்.

டாக்டரிடம் போகும்முன் செய்ய வேண்டிய தயாரிப்பும், அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இங்கே இருக்கின்றன. இதைப் படித்துவிட்டுத் தானாக மருந்துக் கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளாதீர்கள்.

முதல் படி: கையில் இருப்பது என்ன மருந்து?

மாத்திரை அட்டையைத் திருப்பி, பிராண்டு பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் பக்கம் எஸ்ட்ராடியால் வாலரேட் 1 அல்லது 2 மி.கி. இருக்கலாம், கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன் 0.625 மி.கி. இருக்கலாம். புரோஜெஸ்டோஜன் பக்கம் டைட்ரோஜெஸ்டிரோன், மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன், நோரெதிஸ்டிரோன், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் இவற்றில் ஒன்று இருக்கும். சிலவற்றில் இரண்டும் ஒரே மாத்திரையில் வரும். டிபோலோன் 2.5 மி.கி. தனி ரகம், அந்த ஒரே மருந்து இரண்டு வேலையையும் பார்க்கும்.

டைட்ரோஜெஸ்டிரோனையோ புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலையோ பார்த்துவிட்டு "இது கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதாச்சே" என்று கடைக்காரரோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்லக்கூடும். சொல்வது உண்மைதான், அதே மருந்துதான். அதற்காக அதை மட்டும் நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடர்வதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கும் மிக ஆபத்தான தவறு.

அடுத்து, புரோஜெஸ்டோஜனை எப்படி எடுக்கிறீர்கள்? மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் என்றால் அது சுழற்சி முறை. அந்த நாட்கள் முடிந்ததும் மாதவிடாய் போல ரத்தம் வரும், வரத்தான் வேண்டும். தினமும் என்றால் தொடர் முறை. அதில் சில மாதங்களில் ரத்தப்போக்கே இல்லாமல் போக வேண்டும்.

கர்ப்பப்பை எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா, கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தார்களா, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் போன்ற திசு வெளியேயும் வளர்வது) இருந்ததா என்று அதில்தான் இருக்கும். முழுக் கர்ப்பப்பையும் எடுத்தவருக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். வாய்ப்பகுதி மிச்சம் இருந்தாலோ எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலோ புரோஜெஸ்டோஜனும் தேவைப்படலாம். "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்ற ஒரு வரி டாக்டருக்குப் போதாது.

இரண்டாம் படி: மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா?

"மருந்து வேலை செய்யவில்லை" என்ற புகாரில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடும்.

பேட்சை (தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை) இடுப்புக்குக் கீழே, பிட்டத்திலோ தொடையின் வெளிப்பக்கத்திலோ ஒட்டுவது நல்லது. மார்பில் ஒட்டவே கூடாது. பாவாடை நாடா அழுத்தும் இடமும் வேண்டாம், உரசி உரசிக் கழன்றுவிடும். தோலில் எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. குளித்து நன்றாகத் துவட்டி, வியர்வை அடங்கியபின் ஒட்டி, உள்ளங்கையால் 10 நொடி அழுத்துங்கள். கழன்று விழுந்தால் புதிதாக ஒன்றை ஒட்டிக்கொண்டு, வழக்கமாக மாற்றும் நாளிலேயே மறுபடி மாற்றுங்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஒட்டினால் தோல் சிவந்து அரிக்கும். பழைய பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து எடுக்கலாம்; ஆனால் புதியதை எண்ணெய் படாத வேறு இடத்தில்தான் ஒட்ட வேண்டும்.

ஜெல்லும் அப்படித்தான். எண்ணெய் தேய்த்த கையில் ஜெல் பூசினால் எவ்வளவு உள்ளே போனது என்று சொல்ல முடியாது. குளித்த பிறகு மேல்கையின் வெளிப்புறத்திலோ தொடையிலோ மெல்லிசாகப் பரப்பி, ஐந்து நிமிடம் காயவிட்டுத் துணி உடுத்துங்கள். அடுத்த ஒரு மணி நேரம் அந்த இடத்தைக் கழுவக் கூடாது; குழந்தைகள் அந்தத் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேரக்குழந்தையைத் தூக்குவதும் அதற்குப் பிறகுதான். ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில், ஊசி குத்தும் கையில் ஜெல் பூசாதீர்கள், அளவு பொய்யாக எகிறிக் காட்டும்.

மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலை இரவு படுக்கப் போகும்போது, சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து விழுங்க வேண்டும். அது தூக்கத்தைக் கொடுக்கும். உணவோடு சேர்ந்தால் அதிகமாக உறிஞ்சப்பட்டு மயக்கமும் கூடும். காலையில் காபியோடு போட்டுக்கொண்டு "நாள் முழுக்கத் தலை சுத்துது" என்பவருக்கு மருந்தை மாற்ற வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். சில தயாரிப்புகளில் நிலக்கடலை எண்ணெய் இருக்கும். கடலை அலர்ஜி உள்ளவர்கள் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக மாதவிடாயைத் தள்ளிப்போடும் நோரெதிஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரையை, சுழற்சி முறை ஹார்மோன் மருந்து எடுக்கும்போது கூடுதலாகப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அந்த அளவில் அதன் ஒரு பகுதி உடம்பில் எத்தினைல் எஸ்ட்ராடியாலாக மாறுகிறது, அதாவது கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன். ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவருக்கு அது விளையாட்டில்லை.

மூன்றாம் படி: மூன்று மாதம், ஒரு நோட்டு

புதிய மருந்தோ புதிய அளவோ முழுப் பலனைக் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மார்பக வலி, வயிற்று உப்புசம், குமட்டல், லேசான தலைவலி ஆகியவை பெரும்பாலும் அதற்குள் தாமாகவே அடங்கும். மூன்றாம் வாரத்தில் ஒன்று, ஆறாம் வாரத்தில் ஒன்று என்று மாற்றிக்கொண்டே போனால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தினமும் ஒரே வரி எழுதினால் போதும்: "12-ஆம் தேதி. பகலில் சூடு 4, இரவில் 3, நைட்டி மாற்றியது 1 முறை, தலைவலி இல்லை, ரத்தம் இல்லை, புரோஜெஸ்டிரோன் 5-ஆவது நாள்." அந்தக் கடைசிக் குறிப்புதான் முக்கியம். சுழற்சி முறையில் எரிச்சலும் அழுகையும் புரோஜெஸ்டோஜன் நாட்களில் மட்டும் ஏறி இறங்கினால், எந்தப் பாதி கோளாறு என்பதை நோட்டே சொல்லிவிடும். பேட்ச் மாற்றும் நாளுக்கு முந்தைய இரவில் மட்டும் வியர்க்கிறது என்றால், பேட்ச் முடியும்முன்பே மருந்து தீர்கிறது என்று பொருள்.

எவ்வளவு குறைந்தால் வெற்றி? ஹார்மோன் சிகிச்சை இந்தச் சூட்டலைகளின் எண்ணிக்கையைச் சராசரியாக நான்கில் மூன்று பங்கு குறைக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மூன்றாகியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. பூஜ்யத்தை எதிர்பார்த்து அளவை ஏற்றிக்கொண்டே போகத் தேவையில்லை.

நான்காம் படி: தொந்தரவு எந்தப் பாதியிலிருந்து?

சூடும் வியர்வையும் தொடர்கின்றன, பக்கவிளைவு ஏதுமில்லை. இது ஈஸ்ட்ரோஜன் போதாத நிலை. அளவைக் கூட்டலாம், அல்லது மாத்திரையிலிருந்து பேட்சுக்கோ ஜெல்லுக்கோ போகலாம். அதற்குமுன் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு மாத்திரை அளவு கூடிப்போனாலும் இதே வியர்வையும் படபடப்பும்தான் வரும். 45 வயதைத் தாண்டியவருக்கு எஃப்.எஸ்.ஹெச். (மாதவிடாய் நிற்பதைக் காட்டும் ஹார்மோன்) பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் பயனில்லை. எஸ்ட்ராடியால் அளவு பார்ப்பது, பேட்சோ ஜெல்லோ போட்டும் பலனில்லாதபோது தோல் வழியாக ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள உதவும்.

மார்பகம் கனத்து வலிப்பது, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு. இவை ஈஸ்ட்ரோஜன் கூடுதல் என்று காட்டும். மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்துப் பாருங்கள். பிறகு அளவைக் குறைப்பது, அதுவும் போதாவிட்டால் தோல் வழிக்கு மாறுவது.

மனம் தாழ்வது, எரிந்து விழுவது, முகப்பரு, உப்புசம், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் போன்ற உணர்வு. இது புரோஜெஸ்டோஜன் வேலை. இங்கேதான் மாற்று வழிகள் அதிகம், இங்கேதான் பலர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். நோரெதிஸ்டிரோனோ மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனோ ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனோ டைட்ரோஜெஸ்டிரோனோ ஒத்துப்போகும். கேப்ஸ்யூலை வாய்வழியாக எடுக்காமல் பிறப்புறுப்பு வழியாக வைத்துக்கொள்ளச் சில டாக்டர்கள் சொல்வார்கள். மயக்கமும் மனச்சோர்வும் குறையும். லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டோஜன் 52 மி.கி. உள்ள 'காயில்' (கர்ப்பப்பைக்குள் பொருத்தும் சிறு கருவி) உள்ளேயே இருந்து உள்சுவரைக் காக்கும். ரத்தத்தில் சேர்வது சொற்பம். இந்தப் பயன்பாட்டுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதிக ரத்தப்போக்கும் சேர்ந்து இருப்பவர்களுக்கு எங்கள் பார்வையில் இதுவே முதலில் யோசிக்க வேண்டிய வழி.

பிறப்புறுப்பு வறட்சி, உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, மற்றதெல்லாம் சரி. எதையும் மாற்ற வேண்டாம். எஸ்ட்ரியால் கிரீமோ 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் உள்மாத்திரையோ (இரண்டும் பிறப்புறுப்புக்குள் வைப்பவை) கூடுதலாகச் சேர்த்தால் போதும்: இரண்டு வாரம் தினமும் இரவில், அதன்பின் வாரம் இருமுறை. ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு என்பதால் இதற்கென்று தனியாகப் புரோஜெஸ்டோஜன் தேவையில்லை. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு "இன்னும் சரியாகலை டாக்டர்" என்று மட்டும் சொல்பவருக்கு, தேவையே இல்லாமல் மாத்திரை அளவு ஏறும்.

எடை கூடியதற்காக மட்டும் மாற்றுவதில் பலன் கிடைக்காது. இந்த வயதில் எடை ஏறுவதற்கு ஹார்மோன் மருந்து காரணமில்லை.

ஐந்தாம் படி: ரத்தம் வந்தால்

தொடங்கிய முதல் 6 மாதத்திலோ, மாற்றிய பின் 3 மாதத்திலோ திட்டுத்திட்டாக வருவது சகஜம். அதையும் தாண்டித் தொடர்ந்தாலோ, நின்றுபோய் மாதக்கணக்கில் இருந்தபின் திடீரென வந்தாலோ, மருந்தை மாற்றும் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சுவர் தொடர் முறையில் 4 மி.மீ., சுழற்சி முறையில் 7 மி.மீ. தாண்டினால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். சர்க்கரை நோய், உடல் பருமன், பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தவர்களுக்கு இதில் தாமதம் கூடாது.

கோளாறு ஏதுமில்லை என்று உறுதியானபின் மாற்றலாம். மாதவிடாய் உண்மையில் நிற்கும்முன்பே தொடர் முறையில் போட்டிருந்தால் இப்படித் தாறுமாறாக வரும். சுழற்சி முறைக்குத் திரும்பினால் சீராகும். எதிர்த்திசையில், சுழற்சி முறையில் இருப்பவர் கடைசி மாதவிடாய்க்குப் பின் ஒரு வருடம் ஆனதும் தொடர் முறைக்குப் போகலாம். சுழற்சி முறையிலேயே 5 வருடத்துக்கு மேல் இருக்க வேண்டாம், உள்சுவருக்குத் தொடர் முறைதான் பாதுகாப்பு. ஈஸ்ட்ரோஜன் அளவைக் கூட்டும்போது புரோஜெஸ்டோஜன் அளவும் போதுமானதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வழக்கமான அளவுக்கு மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் தினமும் 100 மி.கி., அல்லது மாதத்தில் 12 நாள் 200 மி.கி. போதும். 100 மைக்ரோகிராம் பேட்ச் போன்ற அதிக அளவுக்கு அது போதாமல் போகலாம்.

ஆறாம் படி: மாத்திரையை விட்டுத் தோல் வழிக்குப் போக வேண்டியவர்கள்

இந்த ஒரு மாற்றத்தைத் தொந்தரவு இல்லாவிட்டாலும் யோசிக்க வேண்டும். விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் கூடுகின்றன. காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வழக்கமான அளவில் பேட்சும் ஜெல்லும் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேராக ரத்தத்தில் கலப்பதால் அந்தக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை.

ஆகவே உடல் எடை அதிகம் உள்ளவர்கள், குடும்பத்தில் ரத்தக்கட்டி வந்தவர்கள், கண்முன் மின்னல் கீற்று தெரியும் மைக்ரேன் உள்ளவர்கள், ட்ரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் தோல் வழியைக் கேட்டுப் பெறுவது நல்லது. வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன், கார்பமசெபைன், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும் இதேதான்; அந்த மருந்துகள் கல்லீரலைத் தூண்டி ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைச் சீக்கிரம் கரைத்துவிடும்.

மாற்றுவதற்கு முன், உங்கள் ஊரில் பேட்சோ ஜெல்லோ மாதாமாதம் தவறாமல் கிடைக்குமா என்று மருந்துக் கடையில் கேட்டுவிடுங்கள். இரண்டு மாதம் போட்டு மூன்றாம் மாதம் கிடைக்காமல் போவதைவிட மாத்திரையே தேவலை என்று ஆகிவிடும். கருத்தில் கொள்ள விலையும் உண்டு.

மார்பகப் புற்றுநோய் பயத்தால் மாற்ற நினைப்பவர்களுக்கு: 2002-இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வில் சராசரி வயது 63, கொடுத்தது கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனும். அதில் 10,000 பெண்களுக்கு வருடத்துக்கு 8 பேர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த, கர்ப்பப்பை இல்லாத பெண்களிடம் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. ஆக, பேட்சுக்கு மாறுவதால் இந்த ஆபத்து குறையும் என்று எண்ண வேண்டாம். இங்கே கணக்கில் வருவது புரோஜெஸ்டோஜன் எது, எத்தனை வருடம் என்பதுதான். மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனுக்கும் டைட்ரோஜெஸ்டிரோனுக்கும் ஆபத்து குறைவாக இருக்கலாம் என்பதை மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டுகின்றன.

டிபோலோனுக்கு மாறச் சொன்னால்: மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். தாம்பத்திய ஆர்வம் குறைந்தவர்களுக்கு உதவும். 60-ஐக் கடந்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் அந்த வயதில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

ஏழாம் படி: மாற்றும் நாளும் அளவும்

பிரிட்டனில் பின்பற்றும் ஒப்பீட்டின்படி எஸ்ட்ராடியால் மாத்திரை 1 மி.கி. என்பது 25 மைக்ரோகிராம் பேட்ச் அல்லது ஒரு பம்ப் ஜெல்லுக்குச் சமம், 2 மி.கி. என்பது 50 மைக்ரோகிராம் அல்லது இரண்டு பம்ப். அமெரிக்க வழக்கத்திலோ 1 மி.கி. மாத்திரையே 50 பேட்சுக்குச் சமம். தோல் வழியாக உறிஞ்சும் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால் எந்த அட்டவணையும் தோராயம்தான். குறைவான பக்கம் தொடங்கி நோட்டைப் பார்த்து ஏற்றுவது நல்லது.

தொடர் முறையில் இருப்பவர் இன்று மாத்திரையை முடித்து நாளை பேட்ச் ஒட்டலாம், இடைவெளி வேண்டாம். சுழற்சி முறையில் இருப்பவர் அந்தச் சுற்றின் புரோஜெஸ்டோஜன் நாட்களை முழுதாக முடித்துவிட்டுத்தான் மாற வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மட்டுமே பேட்சாக மாறியிருக்கிறது, புரோஜெஸ்டோஜன் மாத்திரை தனியாகத் தொடர வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டும் ஒரே மாத்திரையில் வந்தவர்கள் பேட்சுக்கு மாறும்போது இரண்டாவது மருந்து கைநழுவிப்போவது இங்கேதான்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மாறிய 6 முதல் 12 வாரத்தில் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டுவதால் தைராய்டு மாத்திரையும் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். தோல் வழிக்கு மாறியதும் அதே அளவு அதிகமாகிவிடலாம். வலிப்புக்கு லாமோட்ரிஜின் எடுப்பவர்கள் ஹார்மோனில் எந்த மாற்றம் செய்தாலும் நரம்பியல் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடைசி மாதவிடாய் முடிந்து, 50 வயதுக்கு மேல் என்றால் ஒரு வருடமும், அதற்குக் கீழ் என்றால் இரண்டு வருடமும் கருத்தடை தேவை. ஹார்மோன் காயில் போட்டிருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்தச் சிகிச்சை கருத்தடை ஆகாது.

மாற்றுவதா, நிறுத்துவதா?

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, திடீர்ப் பார்வை மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் அது மாற்றும் விஷயமே இல்லை. மருந்தை அன்றே நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மார்பில் புதிய கட்டி, மஞ்சள் காமாலை வந்தாலும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். பெரிய அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால் மாத்திரை எடுப்பதைச் சில வாரங்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும் சினைப்பைகளை எடுத்தவர்களும் ஒத்துக்கொள்ளும் ஒன்று கிடைக்கும்வரை மாற்றிப் பார்க்க வேண்டும். இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை எலும்புக்கும் இதயத்துக்கும் அவர்களுக்கு ஹார்மோன் தேவை. மற்றவர்கள், இரண்டு மூன்று வகை பார்த்தும் சரிவராவிட்டால் ஹார்மோன் இல்லாத வழிக்குப் போகலாம். வென்லாஃபாக்சின், எஸ்சிட்டாலோபிராம், காபாபென்டின் ஆகியவை சூட்டலையைக் குறைக்கும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (மருந்தில்லாமல் பேசிப் பழக்கும் மனநலச் சிகிச்சை) தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உதவும். தோலுக்கடியில் வைக்கும் கலவை ஹார்மோன் குளிகைகளை "இயற்கை" என்று விற்பார்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து என்பதற்கு உத்தரவாதமில்லை, வைத்தபின் எளிதில் எடுக்கவும் முடியாது. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் எடுப்பவர்களுக்குச் சூட்டலைக்கு என்று பராக்சிட்டின் எழுதினால் தடுத்துக் கேளுங்கள். அது தமாக்சிஃபென் வேலை செய்வதைக் குறைத்துவிடும், வென்லாஃபாக்சினில் அந்தச் சிக்கல் குறைவு.